கழுத்துக் கருப்பும் இரண்டு ரூபாய் மாத்திரையும்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்த இடம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. இங்கே இருப்பவர்களிலேயே பல பேருக்கு இது நினைவில் இல்லை. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. அந்த மாத்திரைப் பையில் தவறாமல் இருக்கும் சுகர் மாத்திரை மெட்பார்மினைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதைப் பற்றியும்.

நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். ஓசூர் சிப்காட் பக்கம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்கிறவள். மருந்து என்ன செய்யும், எப்படிச் சாப்பிட வேண்டும், எதோடு சேரக்கூடாது என்பது என் தொழில். உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் டாக்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஷிப்ட் விடும் நேரத்தில் வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் பொருள் ஒன்று உண்டு. "அக்கா, கழுத்து கருப்பா இருக்கு, போகிறதுக்கு நல்ல க்ரீமா குடுங்க." ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களும் கேட்கிறார்கள், லைனில் நிற்கும் பையன்களும் கேட்கிறார்கள். பின்கழுத்தில் பட்டையாக, வெல்வெட் துணி மாதிரி தடித்த கருப்பு. அக்குளிலும் இருக்கும். வெயில் என்று நினைக்கிறார்கள், செயின் அழுக்கு என்று நினைக்கிறார்கள், சிலர் பீர்க்கங்கூடு போட்டுத் தோல் உரியத் தேய்த்துவிட்டு வருகிறார்கள். இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பு பருத்தவர்களிடம் இது தெரிந்தால் பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று பொருள். க்ரீம் போட்டுப் போகிற விஷயம் இல்லை. உள்ளே இருக்கும் காரணம் குறைந்தால் கருப்பும் மெல்லக் குறையும். அந்தப் பெண்களில் பலருக்கு மாதவிலக்கும் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வருகிறது. பிசிஓடி என்று ஒரு டாக்டரும், தோல் பிரச்சினை என்று இன்னொரு டாக்டரும் தனித்தனியாகச் சீட்டு எழுதியிருப்பார்கள். வேர் பல நேரம் ஒன்றுதான்.

அந்த வேருக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது என்று வையுங்கள். வழக்கமாக ஒரு தடவை அடித்தாலே ஆள் வந்துவிடுவார். இப்போது வீட்டுக்குள்ளே டிவி சத்தம், காதில் விழவில்லை. டிரைவர் இன்னும் ஓங்கி, இன்னும் நீட்டி அடிக்கிறார். ஆள் வந்துவிடுகிறார், பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. இதுபோல இன்சுலின் கூடுதலாகச் சுரந்து சுரந்து சர்க்கரையை நார்மலிலேயே வைத்திருக்கும் காலம் வருஷக்கணக்கில் நீளும். ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. கணையம் களைத்துப்போய்ச் சுரப்பு குறையும் நாளில்தான் "உங்களுக்குச் சுகர்" என்று சொல்வார்கள். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்புத்தான் காதை அடைக்கும் சத்தத்தில் பெரும்பங்கு.

"நான் ஒன்றும் குண்டு இல்லையே" என்று சொல்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வரும் நம் உடல்வாகுக்கு ஐரோப்பியக் கணக்கு பொருந்தாது. அதனால் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் வரையறுத்தார்கள். 165 செ.மீ. உயரம் உள்ள ஆணுக்கு 68 கிலோவைத் தாண்டினாலே இந்தக் கணக்கில் பருமன்தான். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வந்தது. சர்க்கரையின் வாசலில் நிற்பவர்கள் இந்தியா முழுக்க 13.6 கோடி.

நம்ம ஊருக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. இந்தப் பத்தாண்டில் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் பேக்டரியும் ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் பேக்டரியும் வந்துவிட்டன. ஷிப்ட் இல்லாத வீடு அபூர்வம். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. 1999-ல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த ஆறே நாளில் சர்க்கரையைக் கையாளும் திறன் சரிந்துவிட்டது. நம் பிள்ளைகள் பகலில், தகர ஷீட் போட்ட ரூமில், நாலு பேர் நடுவில் தூங்குகிறார்கள். நைட் ஷிப்டில் கண்ணை இழுத்துப் பிடிக்க சர்க்கரை தூக்கலான டீயும் பிஸ்கட்டும். காடு கழனியில் வேலை செய்து களி தின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்களைப் பார்த்து "வாயைக் கட்டு, வாக்கிங் போ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதனால்தான் மருந்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மெட்பார்மின் புது மருந்து இல்லை. ஐரோப்பாவில் முளைக்கும் கலீகா என்ற செடியின் சத்திலிருந்து கிளைத்த ஆராய்ச்சி அது. பாரிஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன் 1957-ல் மனிதர்களுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதி கொடுக்கவே 1994 ஆகிவிட்டது. 1998-ல் பிரிட்டனின் நீண்டகால ஆய்வு, எடை கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த மாத்திரை மரணத்தையும் மாரடைப்பையும் குறைக்கிறது என்று காட்டிய பிறகு உலகம் முழுக்க முதல் மருந்தாகிவிட்டது. கல்லீரல் இரவெல்லாம் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதை இது அடக்குகிறது. அதனால் கணையத்தின் சுமை இறங்குகிறது. எடையும் இரண்டு மூன்று கிலோ குறையலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இது எடைக் குறைப்பு மாத்திரை இல்லை.

சர்க்கரை நோய் வந்தபின் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். வருவதற்கு முன்னால் கொடுத்தால்? இதற்குப் பதில் சொன்னது நம்ம சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை நாலு பிரிவாகப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. ஒன்றும் செய்யாமல் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே ஆண்டில் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். பாதிக்கு மேல்! உணவு, உடற்பயிற்சி மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மெட்பார்மின் சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் செய்தவர்களில் 39.5 சதவீதம். அவர்கள் சாப்பிட்ட அளவு எவ்வளவு தெரியுமா? 250 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை. அமெரிக்காவில் 2002-ல் வந்த இதே மாதிரி ஆய்வில் 850 மி.கி. இரண்டு வேளை கொடுத்தார்கள். அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் 58 சதவீதம் ஆபத்தைக் குறைத்தது, மாத்திரை 31 சதவீதம்தான். நம்மவர்களிடம் சின்ன அளவு மாத்திரையே நடைப்பயிற்சிக்குச் சமமாக நின்றது. இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பத்து வருஷம் கழித்து, 2016-ல், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இன்னொரு ஆய்வை வெளியிட்டன. எடை கூடிய, சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 578 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் உணவு, நடை வகுப்பு. அந்தப் பிரிவில் நாலு மாதம் கழித்தும் ஆபத்து குறையாதவர்களுக்கு மட்டும் மெட்பார்மின் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்க வேண்டிவந்தது 72 சதவீதம் பேருக்கு. மூன்று ஆண்டு முடிவில் இவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து மற்றப் பிரிவைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது. இதில் நான் கவனிப்பது அந்த 72-ஐ. வகுப்பு வைத்து, ஆள் போட்டுச் சொல்லிக்கொடுத்தும் பத்துக்கு ஏழு பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது. ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்குத் தேவைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? "மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே அக்கா" என்று பயந்து சீட்டை மடித்து வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

சாப்பிடும் முறையில்தான் நம்மாட்கள் தவறவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலக்கும், பேதி ஆகும், வாயில் இரும்புச் சுவை வரும். அதோடு விட்டுவிடுவார்கள். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மெதுவாகக் கரையும் எஸ்ஆர் மாத்திரை இருக்கிறது. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. நைட் ஷிப்ட் வாரத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். டாக்டரிடம் உங்கள் ஷிப்ட் முறையை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிகாரத்துக்கு மாத்திரையைக் கட்டாமல் பெரிய சாப்பாட்டுக்குக் கட்டி எழுதிக் கொடுப்பார். சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களுக்கு இது ஆகாது, அதனால் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். கால் மரத்துப்போனால் சுகர்தான் காரணம் என்று முடிவு கட்டாமல் பி12-ஐயும் சோதியுங்கள். ஸ்கேனுக்காக ஊசி வழியாகச் சாயம் ஏற்றும்போதும் ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். அதிகக் குடியோடு இது சேரக்கூடாது.

மெட்பார்மினோடு சேர்ந்து வரும் கிளிமிபிரைடு வேறு வகை. அது கணையத்தைத் தட்டி இன்னும் இன்சுலின் சுரக்க வைக்கும். எடையும் ஏறலாம். சாப்பாடு தவறினால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், கண் இருட்டும். பிரஸ் மெஷின் முன்னால், போர்க்லிப்ட் மேலே அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிடும்போது அந்த ஆபத்து அநேகமாக இல்லை. உங்கள் மாத்திரை அட்டையில் எது எது கலந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மெஷின் வேலைக்காரருக்குக் கட்டாயம்.

இன்சுலின் எதிர்ப்பை நேரடியாகவே குறைக்கும் இன்னொரு மாத்திரை பயோகிளிட்டசோன். 2013 ஜூனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ப் பயத்தால் இந்தியாவில் அதன் விற்பனையை நிறுத்தி, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பவும் அனுமதித்தார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் எடை கூட்டும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. பருமனைக் குறைக்க நினைப்பவர் இதை ஏன் எழுதினீர்கள் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், தப்பில்லை.

எல்லை ஊருக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லாமல் விடக்கூடாது. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். பெரிய டாக்டர் என்றால் நம்மாட்கள் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அங்கே ஒரு பிராண்ட் பெயரில் கூட்டு மாத்திரை எழுதுகிறார்கள், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். இங்கே ஊருக்குத் திரும்பினால் வீடு தேடி வரும் பணியாளர் மெட்பார்மின் 500 கொடுக்கிறார். மாத்திரை சாப்பிடும் அம்மாவோ வீட்டில் பேசுவது தெலுங்கு. இரண்டும் ஒரே மருந்து என்று அவருக்கு யார் சொல்வது? இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்க மாத்திரைக்கு வீரியம் இல்லை என்று அதைத் தூக்கி ஓரமாக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தரம் சோதித்துத்தான் வாங்கிக் கொடுக்கிறது. வீரியக் குறைவு என்பது வீண் பேச்சு. இரண்டு சீட்டையும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே கவரில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் மேஜையில் கொட்டுங்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலும் காட்டலாம். சொல்லிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டோம்.

இனி எடை குறைக்கும் ஊசி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி வந்தது. வந்தபோது மவுன்ஜாரோ 2.5 மி.கி. ஒரு குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று. மாதத்துக்கு 14,000-லிருந்து 17,500 வரை ஆனது. இஎஸ்ஐ-யில் சேர அப்போது மாதச் சம்பள வரம்பே 21,000 ரூபாய்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து சக்தி வாய்ந்தது, அதில் சந்தேகமே இல்லை. வெகோவியில் இருக்கும் செமாகுளூட்டைட் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம் குறைத்தது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த பருமனானவர்களுக்கு மூன்று ஆண்டு டிர்செபடைட் கொடுத்ததில், நோயாக மாறும் ஆபத்து 94 சதவீதம் குறைந்தது என்று 2024-ல் முடிவு வந்தது. கொழுப்பு கரைந்தால் இன்சுலின் எதிர்ப்பும் கரைகிறது. எடை அதிகம் உள்ளவர்களுக்கு, மூட்டு தேய்ந்து நடக்க முடியாதவர்களுக்கு, மெட்பார்மின் போதாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். பணக்காரர் மருந்து என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 2026 மார்ச்சோடு செமாகுளூட்டைட் காப்புரிமை இங்கே முடிந்ததால் உள்நாட்டுக் கம்பெனிகளின் மலிவு ஊசிக்கு வழி திறந்துவிட்டது.

மலிவு வருவதால்தான் எச்சரிக்கையும் வேண்டும். "கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறையணும், சீட்டு இல்லாம குடுங்க" என்று கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன். வாந்தி, வயிற்று வலி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய வீக்கம் வரலாம். குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஹாஸ்டல் வயதுப் பெண்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொல்கிறார்களா? கொழுப்போடு தசையும் கரையும், அதனால் முட்டை, பருப்பு, பயறு கூட்ட வேண்டும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். நிறுத்தினால் ஒரே வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. கடன் வாங்கி மூன்று மாதம் மட்டும் ஊசி போடுவதில் பயன் இல்லை என்பது என் கருத்து.

ஆக, ஒரு முனையில் சாமனப்பள்ளியில் தொடங்கிய இலவச மாத்திரை, சர்க்கரை நோய் வந்துவிட்டவர்களுக்கு. இன்னொரு முனையில் எடை குறைக்கும் ஊசி, காசு இருப்பவர்களுக்கு. நடுவில் இருபத்தைந்து முப்பது வயதில் கழுத்து கருத்து, வயிறு தள்ளி, ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றோ "பார்டர்லைன்" என்றோ எழுதப்பட்டு நிற்கும் தொழிலாளி. இவருக்குத் தேவையான மாத்திரை இரண்டு ரூபாய் அளவில் கிடைக்கிறது, சென்னையில் சோதித்து நிரூபித்தும் ஆயிற்று. ஆனாலும் அவர் கைக்கு அது போகவில்லை. இதே டாக்டர் ராமச்சந்திரன் குழு 2013-ல், தென்னிந்தியத் தொழிலிடங்களில் வேலை செய்யும் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு ஆண்டு செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது; சர்க்கரை நோயாளி ஆனவர்கள் மற்றப் பிரிவில் 27 சதவீதம், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம்தான். தொழிலாளியைத் தேடிப்போனால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2024-ல் அரசு 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று பேக்டரிகளுக்குள்ளும் வந்தது. நல்ல தொடக்கம். அது கான்ட்ராக்ட் ஆட்களையும் ஹாஸ்டல் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோய் வந்தவர்களின் பட்டியலோடு வரப்போகிறவர்களின் பட்டியலையும் எடுக்க வேண்டும்.

கம்பெனி எச்ஆர் மக்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வருஷாந்திர மெடிக்கலில் உயரம், எடை, பிரஷர், கண் பார்வையோடு நிறுத்தாதீர்கள். ஒரு இஞ்சு டேப்பால் இடுப்பை அளக்கச் சொல்லுங்கள், பின்கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் லைனில் நிற்பவர் என்றால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் "பார்டர்லைன்தானே" என்று மடித்து வைக்காமல், இஎஸ்ஐ மருந்தகத்துக்கோ உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ எடுத்துப்போய், "எனக்கு மெட்பார்மின் இப்போதே தேவையா?" என்று நேராகக் கேளுங்கள்.